வயர் ரொம்ப தூரமாம், அதனால் நெட் நிற்காதாம்: 280 மீட்டருக்கு இப்படியா?

மண்டோர்_மகன் | செவ்வாய், இரவு மணி 9.40

வணக்கம். மலேசியாவில், பேராக் ஊத்தான் மெலிந்தாங் பக்கம், செம்பனைத் தோட்டத்து எல்லையில் கட்டிக் கொடுத்த வீட்டு வரிசையில் இருக்கிறோம். பெரிய ரோட்டுப் போஸ்டில் ஃபைபர் பெட்டி இருக்கிறது. அங்கிருந்து மூன்று போஸ்ட் தாண்டி எங்கள் வீட்டுக்கு வயர் வருகிறது.

பிரச்சினை இதுதான். மத்தியானம் ஆனால் மோடத்தில் லாஸ் விளக்கு, அதாவது ஒளி வரவில்லை என்று காட்டும் விளக்கு, சிவப்பாக மின்ன ஆரம்பிக்கும். நெட் போய்விடும். சாயங்காலம் தானாக வந்துவிடும். தங்கச்சி எஸ்டிபிஎம் (ஆறாம் படிவப் பரீட்சை) எடுக்கிறாள், அவளுக்கு ஆன்லைன் டியூஷன் எல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான்.

புகார் போட்டு ஒருவர் வந்தார். மீட்டரை மாட்டினார், வீட்டுக்கு வரும் ஒளியின் அளவு மைனஸ் 28.6 என்றார். "பெட்டியிலிருந்து உங்கள் வீடு 280 மீட்டர். ரொம்ப தூரம், இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். புகாரையும் மூடிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு அங்கிள் தடிப்பான வயராக வாங்கிப் போடச் சொல்கிறார். ஆன்லைனில் ரோல் கணக்கில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பெர்ணம்_கரை | செவ்வாய், இரவு மணி 10.05

தம்பி, எங்கள் கடைக்கும் இதே கதைதான். நம்ம ஊர் வெயில் அப்படி. மத்தியானம் சிங்க் கூரை கொதிக்கிற கொதிப்பில் வயர் தாங்காது. நடுவில் ஒரு பூஸ்டர் போட்டால் சரியாகும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், வந்தது எந்தக் கம்பெனி ஆள்? பேரைப் போடுங்கள், நாலு பேருக்குத் தெரியட்டும்.

நெறியாளர் | செவ்வாய், இரவு மணி 10.20

கம்பெனிப் பெயர், ஆள் பெயர், புகார் எண் எதுவும் இங்கே வேண்டாம். வயரைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

கண்ணாடி_இழை | செவ்வாய், இரவு மணி 11.15

தம்பி, வயர் வாங்காதீர்கள். காசு கையிலேயே இருக்கட்டும்.

நான் தெலுக் இந்தான் பக்கம் ஸ்ப்ளைசிங், அதாவது ஃபைபர் இழைகளை ஒட்டும் வேலை பார்க்கிறேன். இந்த "தூரம்" என்கிற பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வரும் ஃபைபரில் 1310 நானோமீட்டர் அலைநீள ஒளி கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல் இழக்கும். 1550 ஒளி சுமார் 0.2 இழக்கும். ஜிபான் என்கிற இந்த வீட்டு ஃபைபர் முறையில் டெலிபோன் எக்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவது 1490, வீட்டிலிருந்து போவது 1310. 1490க்கு இரண்டுக்கும் நடுவில் 0.25 என்று வைத்துக்கொண்டால், 280 மீட்டருக்கு 0.07 டெசிபல். மீட்டரில் இது தெரியக்கூடத் தெரியாது. இந்த முறையே 20 கிலோமீட்டர் வரை ஓடத்தான் வடிவமைத்தது. அதில் 280 மீட்டர் தூரமா?

ஒளி நிஜமாகவே குறையும் இடம் ஸ்ப்ளிட்டர். ஒரு இழையில் வரும் ஒளியை 32 வீட்டுக்குப் பிரித்தால் கணக்குப்படியே 15 டெசிபல் போகும். நடைமுறையில் 17 பக்கம் வரும். எக்சேஞ்சில் பிளஸ் 3 அளவில் கிளம்புகிற ஒளி, நடுவில் சில கிலோமீட்டர், ஸ்ப்ளிட்டர், ஒட்டுகள், கனெக்டர்கள் எல்லாம் தாண்டி உங்கள் ரோட்டுப் பெட்டிக்கு வரும்போது மைனஸ் 18, 20 என்று இருந்தால் ஆரோக்கியம். மைனஸ் எண் பெரிதாக ஆக ஒளி குறைவு. அதிலிருந்து வீட்டுக்குள் வரும்போது இன்னும் ஒன்று குறையலாம். ஒன்பது குறையக் கூடாது.

தடிப்பான வயர் என்பதிலும் அர்த்தம் இல்லை. வெளி உறை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கண்ணாடி 125 மைக்ரான்தான். ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான். செம்பு வயரில்தான் தடிப்புக்கு வேலை.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட தாளின் நகல் இருந்தால், பெட்டியில் என்ன ரீடிங் என்று அதில் இருக்கும். இன்னொன்று, மத்தியானம் வீட்டில் என்ன மாறுகிறது? வெயிலைத் தவிர.

தாமான்_பையன் | புதன், காலை மணி 7.30

அக்கா, 19க்கும் 28க்கும் 9தானே வித்தியாசம். அது அவ்வளவு பெரிசா?

கண்ணாடி_இழை | புதன், காலை மணி 7.50

பெரிசுதான். 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதி. இன்னொரு 3 குறைந்தால் கால். 9 குறைந்தால் எட்டில் ஒரு பங்கு. சாதாரண வீட்டு மோடம் மைனஸ் 27 வரை பிடிக்கும் என்பது தர அளவு. அதற்குக் கீழே போனால் சில மோடம் இழுத்துப் பிடிக்கும், சிலது செத்துவிடும். இந்தத் தம்பியின் வீடு அந்த விளிம்பில் நிற்கிறது.

பூஸ்டர் கேட்ட அண்ணே, எக்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் கரண்டு வாங்குகிற பொருள் எதுவும் கிடையாது. ஸ்ப்ளிட்டர்கூட வெறும் கண்ணாடிதான். நீங்கள் கடையில் பார்த்தது வைஃபை பூஸ்டராக இருக்கும். அது மோடத்துக்கு இந்தப் பக்கத்து வேலை. லாஸ் சிவப்பாக இருக்கும்போது அதை மாட்டினால், இல்லாத நெட் வீடு பூராவும் பரவும்.

பழைய_லைன்மேன் | புதன், காலை மணி 10.10

அந்தத் தங்கச்சி சொல்வது சரி. ஆனால் தூரம் என்கிற பதில் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். அது எங்கள் காலத்து பதில்.

செம்பு வயரில் இன்டர்நெட் ஓடியபோது எக்சேஞ்சிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தாண்டினால் வேகம் படுத்துவிடும். தோட்டத்து ஆபீஸ்களுக்கு நாங்கள் போய் "தூரம் ஐயா" என்று சொன்னால் அது உண்மை. மழை பெய்த மறுநாள் ஜாயின்டில் பச்சை பூத்து, போனை எடுத்தால் கரகரவென்று ஒரே இரைச்சல். தந்திமரம் தந்திமரமாக ஏறி ஒட்டைத் தேடுவோம். இப்போது வயர் மாறிவிட்டது, சாக்கு மட்டும் மாறவில்லை.

திருடர்களுக்கும் அப்படித்தான். செம்பு என்று நினைத்து ராத்திரியில் ஃபைபரை வெட்டுகிறார்கள். உள்ளே கண்ணாடியும் நூலும்தான் என்று தெரிந்ததும் அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். கால் காசு தேறாது. ஊருக்கே நெட் போனதுதான் மிச்சம்.

இன்னொன்று, பேச்சோடு பேச்சாக. உலகத்தின் முதல் கடலடித் தந்தி வயர்களுக்கு மேலுறை போட்டது எதனால் தெரியுமா? கட்டா பெர்ச்சா என்கிற மரப்பால். மலாய்க்காரர்கள் தாபான் என்று சொல்லும் மரம். நம் மலாயாக் காட்டிலும் சுற்றுவட்டாரத் தீவுகளிலும்தான் அது வளர்ந்தது. 1851ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில் போட்டார்களே, அதிலும் இதுதான். 1866ல் அட்லாண்டிக்கில் போட்டு நிலைத்ததிலும் இதுதான். ரப்பர் பால் மரத்தை நட்டு வெட்டிய மாதிரி இதை வெட்டவில்லை. மரத்தையே சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். அதனால் காடு காடாக அழிந்தது. உலகம் முழுக்கச் சேதி போக நம் காட்டு மரம் போயிற்று. நம் தோட்டத்துப் பிள்ளைக்கு 280 மீட்டர் தூரமாம்!

மண்டோர்_மகன் | புதன், இரவு மணி 8.45

அக்கா, தாள் கிடைத்தது. பெட்டி: மைனஸ் 19.4. வீடு: மைனஸ் 28.6. இரண்டும் ஒரே தாளில் அவர் கையால் எழுதியது!

மத்தியானம் என்ன மாறுகிறது என்று அம்மாவிடம் கேட்டேன். "என்ன மாறும், வெயில் ஹாலுக்குள் வரும், ஜன்னலைச் சாத்துவேன்" என்றார். எனக்குச் சுரீர் என்றது. வயர் அந்த ஜன்னல் மூலை வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆணியில் மாட்டி, சட்டத்தை ஒட்டி மடக்கி விட்டிருக்கிறார்கள். கதவைச் சாத்தினால் அந்த மடிப்பின் மேல்தான் உட்காருகிறது.

மோடத்தின் செட்டிங் பக்கத்துக்குள் போனால் ஒளி அளவு தெரியும் என்று தாமான் தம்பி தனியாகச் சொல்லிக் கொடுத்தார். ஜன்னல் திறந்திருக்கும்போது மைனஸ் 23.8. தங்கச்சியை விட்டு மெல்லச் சாத்தச் சொன்னேன். 24, 26, கொக்கி போட்டதும் 28.5. விளக்கு சிவப்பு. திறந்தால் மறுபடியும் 23.8. அம்மா, "அப்போ இத்தனை நாளும் நான்தான் நெட்டை அடைத்தேனா" என்று சிரிக்கிறார்.

படம் மூன்று போட்டிருக்கிறேன். ஜன்னல் மூலை. டிவிக்குப் பின்னால் மிச்ச வயர் சுருட்டி வைத்திருப்பது. கூரை ஓரத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஒட்டு. அந்த டேப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு முனை பச்சை, ஒரு முனை நீலம். மாட்டியவர்கள் வயர் பத்தவில்லை என்று அன்றைக்கே அதைச் சேர்த்தார்கள்.

தாமான்_பையன் | புதன், இரவு மணி 9.00

வெயில் இல்லை லா, ஜன்னல்! அந்தச் சுருட்டலும் ரொம்பச் சின்னதாக இருக்கிறதே, அதையும் பிரித்து விடலாமா?

கண்ணாடி_இழை | புதன், இரவு மணி 11.30

சுருட்டலைத் தொடாதீர்கள். பார்க்கத்தான் அசிங்கம், ஒளிக்கு ஒன்றும் ஆகாது. படத்தில் அது ஒரு கோப்பை அகலம் இருக்கிறது. பழைய ஜி.652 வகை இழைக்கு 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே மடக்கக் கூடாது. வீட்டு வயரில் இப்போது வருவது ஜி.657. அதில் ஏ1 வகை 10 மில்லிமீட்டர் ஆரம் தாங்கும், ஏ2 வகை 7.5 தாங்கும். உங்கள் வயரின் மேல் ஜி.657.ஏ2 என்றே அச்சடித்திருக்கிறது, படத்தில் படிக்க முடிகிறது.

ஆனால் எந்த வகையாக இருந்தாலும் ஆணியில் மடக்கி, அதன் மேல் ஜன்னலையும் சாத்தினால் தாங்காது. கண்ணாடிக்குள் ஒளி சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பித்தான் ஓடுகிறது. மடிப்பு கூர்மையானால் திரும்பாமல் வெளியே கசிந்துவிடும். அலைநீளம் கூடக் கூடக் கசிவும் கூடும். வயரில் எந்த இடத்தில் ஒளி குறைகிறது என்று காட்டும் ஓடிடிஆர் கருவி எங்களிடம் இருக்கிறது, அதில் 1310லும் 1550லும் ஒரே இடத்தைப் பார்ப்போம். 1550ல் மட்டும் பள்ளம் பெரிதாக இருந்தால் மடிப்பு. இரண்டிலும் ஒரே அளவு என்றால் ஒட்டோ கனெக்டரோ. வயரைக் கையால் தடவிக்கொண்டு 280 மீட்டரும் நடக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பச்சை, நீலம். அசல் வில்லன் அதுதான். பச்சை முனை எஸ்சி/ஏபிசி. அதன் கண்ணாடி முகத்தை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்திருப்பார்கள். பட்டுத் திரும்பும் ஒளி வந்த வழியே போய் எக்சேஞ்சுக் கருவியைக் குழப்பாமல், பக்கவாட்டில் விலகிப் போவதற்காக. நீல முனை யுபிசி, நேர் முகம். இரண்டையும் ஒரு ஜாயினரில் செருகினால் கிளிக் என்று அழகாக உட்காரும். ஆனால் சாய்ந்த முகமும் நேர் முகமும் முழுசாகத் தொடாது, நடுவில் காற்று நிற்கும். உங்கள் கணக்கே சொல்கிறது: பெட்டியில் 19.4, ஜன்னல் திறந்திருக்கும்போது 23.8. அந்த நாலரை டெசிபலில் பெரும்பகுதி டேப்புக்குள்தான் இருக்கிறது. பலவந்தமாக அழுத்தியிருந்தால் முகத்தில் கீறலும் விழுந்திருக்கும். நீலத்தைப் பிடுங்கிவிட்டுப் பச்சை முனை போடச் சொல்லுங்கள். அதுவும் கையால் செருகும் ஃபாஸ்ட் கனெக்டர் வேண்டாம். உள்ளே ஜெல் வைத்து ஒட்டுவது, கூரை ஓரத்துச் சூட்டில் நாளாக ஆக இடம் மாறும். பிக்டெயிலை, அதாவது முனை போட்டே வரும் துண்டு இழையை, மெஷினில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஜன்னல் மட்டும். ஆணியைப் பிடுங்கி, சுவரில் ஒரு துளை போட்டு, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி சாய்த்து வயரை விடுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே வராது. கனெக்டரைக் கழற்றினால் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. சட்டையால் துடைப்பதும், வாயால் ஊதுவதும் வேண்டாம்.

குலை_லாரி | வியாழன், காலை மணி 6.15

நல்ல உரையாடல் இது. ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மண்சாலையில் இந்த வயரைத் தாழ்வாகக் கட்டிவிட்டுப் போகிறார்கள். நாங்கள் லாரியில் செம்பனைக் குலை ஏற்றி வரும்போது மேலே துருத்திய காம்பில் மாட்டி இழுக்கும். திட்டு எங்களுக்கு. குலை வெட்டுகிறவர்கள் அலுமினியக் கம்பில் அரிவாளைக் கட்டித் தூக்கும்போதும் இடிக்கிறது. ஃபைபர் என்றால் அறுந்துபோவதோடு சரி. பக்கத்திலேயே கரண்டு வயர் ஓடினால் உயிர் போகும். மண்ணுக்கடியில் புதைக்க மாட்டார்களா?

பழைய_லைன்மேன் | வியாழன், காலை மணி 9.30

புதைக்கலாம். ஆனால் தோட்டத்தில் மறுநடவு வந்தால் எக்ஸ்கவேட்டர் முதல் வாயிலேயே அள்ளிவிடும். எலியும் சும்மா இருக்காது. மேலே போனால் அணில் கடிக்கும். நம் பக்கத்தில் உயரமாகக் கட்டுவதுதான் மேல். சாலையைக் குறுக்கே தாண்டும் இடத்தில் இன்னும் உயரமாக.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? வீட்டுக்கு வரும் வயரோடு ஒரு இரும்புக் கம்பி ஒட்டிக்கொண்டே வரும். போஸ்டுக்குப் போஸ்ட் எடையைத் தாங்குவது அதுதான். கடைசிக் கொக்கியில் அதை வெட்டி நிறுத்த வேண்டும். வீட்டுக்குள் விடக் கூடாது. கண்ணாடி இடியைக் கடத்தாது, இரும்பு கடத்தும். நம் ஊர் இடியைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா?

மண்டோர்_மகன் | சனி, மாலை மணி 6.20

நல்ல செய்தி. தாளைப் படம் எடுத்து, பெட்டியில் 19.4, வீட்டில் 28.6, நடுவில் 280 மீட்டர், பச்சையில் நீலம் செருகியிருக்கிறது என்று நாலே வரியில் மறுபடியும் புகார் எழுதினேன். தூரம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. இன்று வேறு இரண்டு பேர் மெஷினோடு வந்தார்கள்.

திண்ணையிலேயே துண்டை விரித்து உட்கார்ந்து செய்தார்கள். முதலில் கறுப்பு உறையைக் கிழித்து, இழையின் மேலிருக்கும் பூச்சைச் சின்னக் குறட்டால் உரித்தார்கள். ஆல்கஹால் நனைத்த தாளால் துடைத்தபோது கீச் கீச் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வந்தால்தான் சுத்தம் என்றார் மூத்தவர். அப்புறம் ஒரு குட்டிப் பெட்டியில் வைத்து மூடியை அழுத்தினார், இழை டிக் என்று உடைந்தது. உடைந்த துண்டைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. அவர் அதை டேப்பில் ஒட்டி ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டார். "குழந்தை காலில் ஏறினால் எடுக்க முடியாது தம்பி" என்றார். மெஷின் திரையில் இரண்டு முனையும் பெரிசாகத் தெரிந்தன, மெல்ல நெருங்கின, பளிச்சென்று ஒரு பொறி, அவ்வளவுதான். 0.02 என்று காட்டியது. பிளாஸ்டிக் குழாயை மேலே தள்ளிச் சூடாக்கினார்கள்.

இப்போது வீட்டில் மைனஸ் 19.9. ஜன்னலைச் சாத்தினாலும் 19.9. இரும்புக் கம்பியையும் பார்த்தேன், ஐயா சொன்ன மாதிரி கொக்கியிலேயே வெட்டியிருக்கிறது.

குலை லாரி அண்ணே, மூன்றாவது போஸ்டில் வயர் தாழ்வாகத்தான் இருக்கிறது. அது தோட்டத்துப் போஸ்ட், ஆபீசில் எழுதிக் கொடுக்காமல் தொட முடியாதாம். திங்கட்கிழமை அப்பா ஆபீஸ் கிராணியை (எழுத்தரை) பார்க்கப் போகிறார்.

பெர்ணம்_கரை | சனி, இரவு மணி 8.10

வாழ்த்துகள் தம்பி. தங்கச்சி, எங்கள் கடையிலும் மோடத்தைத் திறந்து பார்த்தேன். மைனஸ் 26.3. வயர் எங்கேயும் மடங்கவில்லை, கடைக்குள்ளே இரண்டு முனையும் பச்சைதான். இது என்ன கணக்கு?

கண்ணாடி_இழை | சனி, இரவு மணி 10.40

பெட்டி ரீடிங் தெரியாமல் சொல்ல முடியாது அண்ணே. உங்கள் கடைக்கு எதிரே போஸ்டில் இருக்கும் பெட்டியின் மூடி சரியாக மூடியிருக்கிறதா?

பெர்ணம்_கரை | சனி, இரவு மணி 10.55

மூடியா? அது ரொம்ப நாளாக ஒரு பக்கம் தொங்குகிறது. எறும்பு வரிசையாகப் போய் வருகிறது.

கண்ணாடி_இழை | சனி, இரவு மணி 11.05

அப்படியானால் உள்ளே புற்றும் முட்டையும்தான் இருக்கும். நான் திறக்கிற பெட்டிகளில் பாதிக் கதை அதுதான். கனெக்டர் முகத்தில் ஒரு தூசி உட்கார்ந்தாலே 9 மைக்ரானுக்கு அது மலை. நீங்கள் ஏணி வைத்து ஏறாதீர்கள், ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அந்தப் பெட்டியில் இன்னும் பல வீட்டு வயர் இருக்கிறது. மூடியைக் கீழே நின்று படம் எடுங்கள், புகாரில் "பெட்டியில் ரீடிங் எடுத்து எழுதித் தரவும்" என்று முதல் வரியிலேயே போடுங்கள்.

பெர்ணம்_கரை | ஞாயிறு, காலை மணி 8.00

போட்டாச்சு. பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரரும் அதே பெட்டிதான், அவரையும் போடச் சொல்லியிருக்கிறேன்.